கணப்பு மரத்தில் கிதார், வான்வெளியில் பெயர்!

'குயின்' ராக் இசைக்குழுவின் முன்னணி கிதார் கலைஞர் பிரையன் மே. 1947-ல் லண்டன் பக்கம் ஹாம்ப்டனில் பிறந்தவர். அரங்கங்களை அதிரவைத்த அவருடைய சிவப்பு கிதார் எந்தக் கடையில் வாங்கியது தெரியுமா? எந்தக் கடையிலும் இல்லை!

வாங்கக் காசில்லை, செய்துவிட்டார்!
1963-ல் பிரையனுக்கு வயது 16. அப்பா ஹெரால்ட், மின்னணுப் பொறியாளர். இருவரும் சேர்ந்து சுமார் இரண்டு வருடம் இழைத்து, அறுத்து உருவாக்கியதுதான் 'ரெட் ஸ்பெஷல்'! அதன் கழுத்துப் பகுதி எது தெரியுமா? நூறு வருடத்துக்கும் பழைய கணப்பு ஒன்றின் மேல்சட்டம்! அதில் பூச்சி அரித்த ஓட்டைகளை அடைத்தது எதை வைத்து? தீக்குச்சிகளை வைத்து!

அம்மாவின் தையல் பெட்டியும் தப்பவில்லை!
கிதாரின் கழுத்தில் வரிசையாக மின்னும் புள்ளிகள், அம்மாவின் சிப்பிப் பொத்தான்கள்! சுருதியை நெளியவைக்கும் கைப்பிடி, சைக்கிளில் பை மாட்டும் கம்பி! அதன் நுனியில் ஸ்வெட்டர் பின்னும் ஊசித் துண்டு! உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள்? பழைய 'பேந்தர்' மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள்!

மீட்டுவது காசால்!
கிதார் கம்பிகளை மீட்டும் பிளாஸ்டிக் பிளெக்ட்ரம் அவருக்கு ஆகாது. ஆறு பென்னி நாணயம்தான் வேண்டும்! அந்த நாணயம் 1980-லேயே செல்லாக்காசாகிவிட்டது. அதனால் என்ன? 1993-ல் அவரது இசைப் பயணத்துக்காக, அவர் முகம் பொறித்த ஆறு பென்னிகளையே பிரிட்டனின் அரச நாணயச்சாலை அடித்துக் கொடுத்தது!

டிரம்ஸ் எங்கே?
1977-ல் அவர் எழுதிய 'வீ வில் ராக் யூ' பாட்டில் டிரம்ஸே கிடையாது, தெரியுமா? பலகையில் காலால் மிதி, கையால் தட்டு, அவ்வளவுதான்! ஒரு சிலர் போட்ட சத்தம், பெருங்கூட்டம் போட்டதுபோல் கேட்கிறதே, எப்படி? ஒவ்வொரு பதிவையும் பகா எண் கணக்கில் கொஞ்சம் கொஞ்சம் தாமதப்படுத்தி அடுக்கினார்! சரி, கிதார் கலைஞர் எழுதிய பாட்டில் கிதார் எப்போது வருகிறது? கடைசியில்தான்!

அரண்மனைக் கூரையில் கச்சேரி!
2002, எலிசபெத் அரசியாரின் பொன்விழா. பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்று பிரிட்டனின் தேசிய கீதத்தை கிதாரில் முழங்கியவர் இவரேதான்!

முப்பது வருடம் கழித்து முனைவர்!
லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் ஆய்வு மாணவராக இருந்தவர், 'குயின்' புகழ் ஏறியதும் 1974-ல் ஆய்வை மூட்டை கட்டினார். மறுபடி பிரித்து முடித்தது எப்போது? 2007-ல்! அப்போது வயது 60! ஆய்வுத் தலைப்பு? கிரகங்களுக்கு இடையே மிதக்கும் தூசியின் வேகம்!

நாசாவுக்கும் கைகொடுத்தார்!
'ஓசைரிஸ்-ரெக்ஸ்' விண்கலம் 'பென்னு' என்ற சிறுகோளைப் படமெடுத்து அனுப்பியதல்லவா? அந்தப் படங்களை முப்பரிமாணத்தில் தெரியும்படி மாற்றி, எங்கே இறங்கி மண் அள்ளலாம் என்று பார்த்துச் சொன்னவர்களில் இவரும் ஒருவர்! அந்த மண் பூமிக்கு வந்த 2023-ல்தான் இவருக்கு 'சர்' பட்டமும் வந்தது!

இன்னொன்று தெரியுமா?
சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள் ஒன்றின் பெயர் '52665 பிரையன்மே'! விண்வெளித் தூசியை ஆராய்ந்தவருக்கு, அங்கேயே ஒரு பாறை சொந்தப் பெயரில்!