பழைய ராப்பா, புது ராப்பா?

ராப் பாட்டு என்றால் சும்மா வேகமாகப் பேசுவது என்று நம் வகுப்பிலேயே பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. தாளம் தப்பாமல் சொற்களை அடுக்கிச் சொல்வதுதான் ராப். இது 1973-ல் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழை ஜனங்கள் இருந்த தெருக்களில் தொடங்கிய ஹிப்ஹாப்பில் ஒரு பகுதி.

தமிழ் ராப்புக்குப் பெரிய வழி போட்டது மலேசியா. அங்கே 'பொயடிக் அம்மோ' என்ற குழு 1990-களில் பல மொழிகளில் பாடியது. அதிலிருந்த யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் இருவரோடு சேர்ந்து 2006-ல் 'வல்லவன்' என்ற தமிழ் ஆல்பம் கொண்டுவந்தார். (அதே வருஷம் வந்த சிம்பு படம் வேறு, இது வேறு!) 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்து, அதன் மேல் ராப் கட்டினாங்க. அதுதான் 'மடை திறந்து'. நம்ம பக்கம் மினி பஸ்ஸில் கேட்டிருப்பீங்க.

அடுத்து நம்ம ஊர்க்காரங்க. கோயம்புத்தூர் ஆதி, ஜீவா இருவரும் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா'. 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்', 2014-ல் 'இன்டர்நேஷனல் தமிழன்'. 2015-ல் 'ஆம்பள', 'தனி ஒருவன்' என்று சினிமாவுக்கு இசையமைக்கப் போயிட்டாங்க. பிறகு 2020-ல், ஊரடங்கு நேரத்தில், 'நான் ஒரு ஏலியன்' என்று மறுபடியும் தனி ஆல்பத்தோடு வந்தாங்க. சண்டையே இங்கேதான் ஆரம்பிக்குது.

குற்றாலத்தில் எங்க பெரியப்பாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடை இருக்கு. சீசனில் சாரல் விழுந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்திலும் பெரிய அண்ணனும் (பெரியப்பா மகன்) சின்ன அண்ணனும் (சித்தி மகன்) எந்தப் பாட்டைப் போடுவது என்று முட்டிக்கிடுவாங்க. "சினிமாவுக்குப் போனதும் சூடு ஆறிப்போச்சுல. இது ராப்பே இல்ல, படப் பாட்டு" என்பான் பெரியவன். "அண்ணே, அவுக பழசையே பாடிட்டு இருக்கணுமா? இப்பத்தான் இசை நல்லா இருக்கு" என்பான் சின்னவன். பெரியவன் உடனே அமெரிக்காவுக்குப் போயிருவான். 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' என்ற குழு 1998-க்குப் பிறகு 18 வருஷம் கழித்து 2016-ல் புது ஆல்பம் போட்டது. ஆல்பம் வெளிவரும் முன்னாலேயே ஃபைஃப் என்ற பாடகர் இறந்துட்டார். ஆனாலும் அதில் அவர் குரல் இருக்கு. "அவுக வந்தது வரவு" என்பான். எண்ணெய் காய்ந்துபோச்சு என்று பெரியப்பா கத்தும்வரை இது நடக்கும்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். 2012-ல் பெரிய அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. 2020-ல் சின்ன அண்ணன் ஏழாம் வகுப்பு, ஆன்லைன் வகுப்புக்கு வாங்கின போனில் பாட்டு கேட்டவன். ரெண்டு பேரும் பாட்டுக்காக மட்டும் சண்டை போடலை. அவங்கவங்க பள்ளிக்கூட நாளைத்தான் பிடிச்சுக்கிட்டு நிற்கிறாங்க. அதனால் யார் சொல்வதையும் நான் அப்படியே எடுத்துக்கிட மாட்டேன்.

பழசு எல்லாம் தங்கம் என்பதும் சரியில்லை. 2011-ல் இவங்களைப் பிரபலமாக்கிய 'கிளப்புல மப்புல' பாட்டு, குடிக்கிற பெண்களைத் திட்டுற பாட்டு. அதைப் பலர் அப்பவே கண்டிச்சிருக்காங்க. எங்க ஊர் டாஸ்மாக் வாசலில் நான் ஒரு பொம்பளையைக்கூடப் பார்த்தது கிடையாது. ராத்திரி தள்ளாடி வருவது யாரு என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவங்களை விட்டுட்டு எங்களை ஏன் பாடணும்? "தாளம் நல்லாத்தானே இருக்கு" என்கிறான் பெரிய அண்ணன். இருக்கு. அதனால்தான் கோபம் வருது.

அப்போ நல்ல ராப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழ் இலக்கணப் பாடத்திலேயே இருக்கு. முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை: சாரல், சந்தை. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை: அருவி, குருவி. கடைசியில் ஒன்றி வந்தால் இயைபு: வந்தாச்சு, நனைஞ்சாச்சு. ஆங்கில ராப் அதிகமாக நம்புவது கடைசியில் வரும் ஒலியைத்தான். தமிழில் பாடுகிறவருக்கு மூன்றும் கையில் இருக்கு. இது இன்றைக்கு வந்ததும் இல்லை. நம்ம தென்காசி மாவட்டத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19-ஆம் நூற்றாண்டிலேயே கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடினார். அதை வாய்விட்டு வேகமாகச் சொல்லிப் பாருங்க, மூச்சு வாங்கும்.

ஒரு பாட்டை இசை இல்லாமல், கையை மட்டும் தட்டிச் சொல்லிப் பார்க்கணும். அப்பவும் நின்றால் நல்ல ராப். 2012 ஆல்பத்திலும் 2020 ஆல்பத்திலும் இப்படித் தட்டிப் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கேன். ரெண்டிலும் நிற்பதும் இருக்கு, விழுவதும் இருக்கு. எது எது என்று தெரியணும்னா மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்கு வாங்க. அண்ணன்மாரிடம் மட்டும் காட்டாதீங்க.