காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்: எஸ்டிமேட்டில் வரும் செலவும் வராத செலவும்

"வண்டிய கொஞ்சம் கீழ இறக்கினா லுக்கே மாறிடும்ல? எவ்ளோ ஆகும்?" புதுக் கார் வாங்கிய பலரும் கார் ஆக்சசரீஸ் கடையில் கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் உடனே ஒரு தொகை சொல்வார். அது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் விலை மட்டுமே. மாட்டும் கூலி, கூடவே மாற்ற வேண்டிய பாகங்கள், வரி, சட்டம், இன்சூரன்ஸ் என்று மீதிக் கணக்கு பின்னால் வரும். பணம் கட்டுவதற்கு முன்பே முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்க இந்தக் கட்டுரை உதவும்.

லோயரிங் ஸ்பிரிங் என்ன செய்கிறது?

உங்கள் காரின் எடையை நான்கு சக்கரங்களிலும் உள்ள ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. கம்பெனி பொருத்திய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அதைவிட உயரம் குறைந்த, கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கை மாட்டுவதுதான் இந்த வேலை. பொதுவாக 25 முதல் 40 மி.மீ. வரை கார் கீழே இறங்கும்.

பலன் இல்லாமல் இல்லை. வண்டியின் எடை மையம் தாழ்வதால் வளைவுகளில் சாய்வது குறையும். டயருக்கும் பாடிக்கும் நடுவில் தெரியும் இடைவெளியும் குறையும். ஆனால் ஸ்பிரிங் அமுங்குவதற்கு இருந்த இடமும் அதே அளவு குறைகிறது. பள்ளத்தில் விழும்போது சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கி, உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் இடிக்கும். அது நடக்காமல் இருக்கத்தான் ஸ்பிரிங்கைக் கடினமாகச் செய்கிறார்கள். அதனால் பின் சீட்டில் உட்காரும் அம்மா அப்பாவுக்கு ஒவ்வொரு குலுக்கலும் முன்பைவிட அதிகமாகத் தெரியும்.

எஸ்டிமேட்டைப் பிரித்துப் பாருங்கள்

ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் விலை மாறும். கணக்குப் போடும் முறை மட்டும் எங்கும் ஒன்றுதான். ஒரு ஹேட்ச்பேக் காருக்கு உங்களுக்கு இப்படி ஓர் எஸ்டிமேட் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம் (புரிவதற்கான உதாரணம்தான், சந்தை விலை அல்ல):

• நான்கு ஸ்பிரிங் கொண்ட செட்: ரூ.18,000
• கழற்றி மாட்டும் கூலி: ரூ.4,000
• பம்ப் ஸ்டாப், ஸ்ட்ரட் மவுண்ட், பூட் ரப்பர்: ரூ.3,500
• வீல் அலைன்மென்ட், பேலன்சிங்: ரூ.1,200
• கூட்டுத்தொகை: ரூ.26,700
• ஜிஎஸ்டி 18%: ரூ.4,806
• மொத்தம்: ரூ.31,506

கடையில் முதலில் காதில் விழுந்தது 18,000. கையிலிருந்து போவது 31,000-க்கு மேல். "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்ற ஒரு கேள்வியை மறந்தாலே இங்கே கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18% மட்டுமே. பழைய 28% கணக்கில் யாராவது பில் போட்டால் நிறுத்திக் கேளுங்கள்.

கூலி ஏன் இவ்வளவு?

முன்பக்கம் பல கார்களில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து ஒரே ஸ்ட்ரட்டாக இருக்கும். அதை முழுதாக வெளியே எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரெசர் என்ற கருவியில் இறுக்கிப் பிடித்த பிறகுதான் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் பிடி நழுவினால் பக்கத்தில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்து. எனவே வீட்டில் ஜாக்கி வைத்துச் செய்து பார்க்கிற வேலை இது இல்லை. கூலியைக் குறைக்கப் பேரம் பேசுவதற்கு முன், கடையில் அந்தக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் கோணங்கள் மாறும். பல சிறிய கார்களில் முன்சக்கரத்தின் 'டோ' கோணத்தை மட்டுமே சரிசெய்ய முடியும். மற்ற கோணங்கள் கம்பெனி அளவைத் தாண்டிவிட்டால், டயர் உள்பக்கமாகத் தேய ஆரம்பிக்கும். அலைன்மென்ட் செய்ததும் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் வெளிச்சம் விழும் உயரத்தையும் அன்றே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

"ஸ்பிரிங்க கட் பண்ணா போதும் சார்"

மலிவாகச் சொல்லப்படும் வழி இது. பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடுவார்கள். செலவு கூலி மட்டும்தான். ஆனால் இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். காரணங்கள் மூன்று:

1. ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், அதன் கடினம் 20 சதவீதம் கூடும். உங்கள் ஷாக் அப்சார்பர் அந்தக் கடினத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல.
2. கேஸ் கட்டரில் வெட்டும்போது சூடுபட்ட இடத்தில் எஃகு தன் பதத்தை இழக்கும். பின்னாளில் அங்கேதான் உடையும்.
3. வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடலாம்.

நம் தெருவில் ஓடுமா?

ஓர் உதாரணம். மாருதி ஸ்விஃப்ட் காரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அதை 35 மி.மீ. தாழ்த்தினால் மீதி 128 மி.மீ. ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் இன்னும் இறங்கும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி அமைக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம் இருக்கும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்காக வடிவமைத்தது. அகலமாக இருப்பதால் சக்கரங்களும் மேட்டின் மேல் ஏறிவிடும், அடிப்பாகம் தப்பிக்கும். தாழ்த்திய கார்கூட மெதுவாகப் போனால் இதைத் தாண்டிவிடும்.

சிக்கல் விதிப்படி இல்லாத வேகத்தடையில்தான். ஒன்றரை அடி அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குக் கான்கிரீட்டைக் குவித்துவைத்த தெருக்கள் நம் ஊர்களில் எத்தனை! அங்கே முன்சக்கரம் இறங்கிய பிறகும் பின்சக்கரம் ஏறியிருக்காது. 15 செ.மீ. உயரம் முழுவதும் வண்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். 163 மி.மீ. இருந்த கார் மயிரிழையில் தப்பும். 128 மி.மீ. இருக்கும் கார் அடிவாங்கும். அடியில் இருப்பது வெறும் தகடு இல்லை; ஆயில் பேன், சைலன்சர் பைப் எல்லாம் அங்கேதான். ஆயில் பேன் உடைந்தது தெரியாமல் வண்டியை ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

அதனால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெரு முனை, அபார்ட்மென்ட் சரிவு, அலுவலக பார்க்கிங் மூன்றையும் அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று (ஆர்.சி.) வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

பிரிவு 182ஏ(4): அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெளியிலிருந்து பாகம் வாங்கிப் பொருத்துவதும் இதில் அடங்கும். இந்தப் பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது.

"ஆர்.சி.யில ஸ்பிரிங்னு எதுவுமே இல்லையே சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்று கடையில் சொல்வார்கள். சோதனையில் வண்டி நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்ல, உரிமையாளரான நீங்கள். ஆகவே வேலை செய்வதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுத்து, எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடுவதுதான் நல்லது. அனுமதி கிடைத்தால் அந்தத் தாளை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். எனவே கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைக் கடையில் விட்டுவிடாதீர்கள். அவை உங்கள் சொத்து. கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

இன்சூரன்ஸும் வாரண்டியும்

வண்டியில் மாற்றம் செய்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு கிளெயிம் கேட்கும் நேரத்தில் அதுவே நிராகரிக்கக் காரணமாகிவிடலாம். சில லட்சம் ரூபாய் கிளெயிமுக்கு முன்னால் ஸ்பிரிங் விலை ஒன்றுமே இல்லை. மின்னஞ்சலில் தகவல் சொல்லி, பாலிசியில் குறிப்புச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

வாரண்டி உள்ள கார் என்றால் வாரண்டி புத்தகத்தை ஒருமுறை படியுங்கள். வெளிப் பாகம் மாட்டியதால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்ற வரி அதில் இருக்கும்.

திரும்ப மாற்றினால்?

வீட்டில் பிடிக்கவில்லை, அல்லது அடிதட்டுகிறது என்று பழைய ஸ்பிரிங்கையே மாட்ட நேர்ந்தால் மறுபடியும் கூலி, மறுபடியும் அலைன்மென்ட். மேலே சொன்ன உதாரணத்தில் 5,200 ரூபாயும் அதற்கு வரி 936 ரூபாயும் சேர்த்து ரூ.6,136. நடுவில் ஒரு தடவை அபராதம் கட்டியிருந்தால் இன்னும் ரூ.5,000. ஆக மொத்தம் ரூ.42,642 செலவழித்து, வண்டி பழைய உயரத்துக்கே வந்து நிற்கும். கடினமான ஸ்பிரிங்கால் ஷாக் அப்சார்பர் சீக்கிரம் தேய்ந்து லீக் ஆகியிருந்தால் அந்தச் செலவு தனி.

வளைவில் வண்டி ஆடுவதுதான் உங்கள் குறை என்றால், முதலில் ஷாக் அப்சார்பர், புஷ், டயர் காற்று இவற்றைப் பாருங்கள். தேய்ந்த ஷாக்கைக் கம்பெனி பாகத்தாலேயே மாற்றினால் பாதிக் குறை தீர்ந்துவிடும். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

முடிவு செய்துவிட்டீர்களா? கடையில் கேட்க வேண்டியவை

• இந்த ஸ்பிரிங் என் காரின் மாடல், ஆண்டு, என்ஜினுக்கு உரியதுதானா? பாக எண் என்ன?
• எத்தனை மி.மீ. இறங்கும்? முன்னாலும் பின்னாலும் ஒரே அளவா?
• இப்போதுள்ள ஷாக் அப்சார்பர் இதற்குத் தாங்குமா?
• அலைன்மென்ட்டும் ஜிஎஸ்டியும் சேர்ந்த விலையா?
• பாகத்துக்கும் வேலைக்கும் எத்தனை மாதம் உத்தரவாதம்? பில்லில் எழுதித் தருவீர்களா?

"பில் வேணாம்னா கொஞ்சம் கொறச்சுக்கலாம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாளை தகராறு என்றால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த பில்தான். வேலைக்கு முன்னும் பின்னும் நான்கு சக்கரத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

போனிலேயே செய்யக்கூடியவை

• உங்கள் ஆர்.சி. விவரங்களைப் பார்க்க: எம்-பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலி.
• அபராதம் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்க்க: பரிவாகன் இ-சலான் பக்கம்.
• மோசமான வேலை, போலிப் பாகம் பற்றிப் புகார் சொல்ல: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.
• இன்சூரன்ஸ் நிறுவனம் சரியாகப் பதில் தராவிட்டால்: பீமா பரோசா, 155255.
• நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் பள்ளம் இருந்தால்: 'நம்ம சாலை' செயலி. தெருவில் விதிக்கு மாறான வேகத்தடை இருந்தால் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலும், முதலமைச்சர் உதவி மையம் 1100-லும் சொல்லலாம்.

கடைசியாகச் சொன்ன புகாரை, காரைத் தாழ்த்தினாலும் தாழ்த்தாவிட்டாலும் இன்றே போட்டுவிடுங்கள். அந்தக் கான்கிரீட் மேட்டில் இரவு நேரத்தில் தடுமாறி விழுவது பைக்கில் வருபவர்கள்தான்.