திண்டுக்கல் வட்டாரத் திருவிழாக்களும் பல்சமூக மரபுகளும்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம், உருது ஆகியவற்றை வீட்டு மொழியாகக் கொண்ட மக்கள் வாழ்கின்றனர். இந்து, கிறித்தவ, இசுலாமியத் திருவிழாக்கள் ஒரே வேளாண் ஆண்டுக்குள் அடுத்தடுத்து வருவதாலும், ஆடு, மாடு, பொங்கல், சோறு ஆகியவை எல்லாருக்கும் பொதுவானவை என்பதாலும் இங்குள்ள வழக்கங்கள் ஒன்றோடொன்று கலந்துள்ளன. பல இன மக்களின் பழக்கங்கள் கலந்த இடத்துக்குப் பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அங்கே கரும்புத் தோட்ட வேலைக்காகச் சீனர், யப்பானியர், போர்த்துக்கேயர், பிலிப்பினோக்கள் கப்பலில் வந்தனர். திண்டுக்கல்லுக்கு மக்கள் வந்த வழி படையும் தறியும் மாட்டு மந்தையும் ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

மதுரை நாயக்கர் ஆட்சியில் 1605 இல் மலைக்கோட்டை கட்டும் பணி தொடங்கியது. விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் படைவீரர்களும் ஆயர்களும் நெசவாளர்களும் இப்பகுதியில் குடியேறினர். 1755 இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌசுதாராக நியமிக்கப்பட்டார். நகரின் பேகம்பூர் பகுதி அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்தது. அவருடைய அடக்கத்தலம் அங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் உள்ளது. 1792 இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் ஆங்கிலேயர் வசமானது. கத்தோலிக்கம் இதற்கு வெகுமுன்பே, 17 ஆம் நூற்றாண்டில் இயேசு சபையின் மதுரை மறைப்பணி வழியாகத் தென்மாவட்டங்களில் பரவத் தொடங்கியிருந்தது. திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது 2003 இல்தான்.

அந்த மறைப்பணியாளர்கள் உள்ளூர்ச் சொற்களையும் சடங்குகளையும் ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டதன் தடத்தை இன்றும் காணலாம். கத்தோலிக்கச் சிற்றூர்களில் ஆலயத்தைக் 'கோவில்' என்றே சொல்வர். கொடியேற்றம், சப்பரம், தேர்பவனி, நேர்த்திக்கடன், மந்திரிப்பு என்று திருவிழாவின் சொற்கள் அனைத்தும் ஊர்ச் சொற்களே.

முத்தழகுபட்டி அசனம்

திண்டுக்கல் நகரை ஒட்டிய முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா ஆகத்து மாதத் தொடக்கத்தில், அதாவது ஆடி மாதத்தில் நடைபெறுகிறது. திருச்சபை நாட்காட்டியில் செபஸ்தியாரின் நாள் சனவரி 20 ஆகும். ஆனால் இங்கே விழா, அம்மன் கோவில்களில் கூழும் கிடாவெட்டும் நடக்கும் ஆடியில் வருவது கவனிக்கத்தக்கது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி ஆகியவற்றைக் காணிக்கையாகக் கொண்டுவருவர். எல்லாவற்றையும் சேர்த்துப் பெரும் அண்டாக்களில் சமைத்து இரவு முழுவதும் பரிமாறுவர். இதுவே அசனம் எனப்படுகிறது. உணவு என்னும் பொருளுடைய இந்த வடசொல், தென்மாவட்டக் கிறித்தவர்களிடம் பொது விருந்தின் பெயராக நிலைத்துவிட்டது. காணிக்கை தருபவர்களிலும் பந்தியில் அமர்பவர்களிலும் பிற சமயத்தார் பலர் உள்ளனர்.

இதைக் கொண்டு இவ்வட்டாரத்தில் சாதி வேற்றுமை இல்லை என்று கருதிவிடக் கூடாது. தேர் எந்தத் தெரு வழியாகச் செல்வது, முதல் மரியாதை யாருக்கு என்பன போன்ற பூசல்கள் தமிழகத்தின் எல்லாச் சமய விழாக்களிலும் எழுவதுண்டு. ஒரே அண்டாவில் சமைத்த சோற்றை எல்லாரும் உண்பது, அத்தகைய சூழலுக்கு நடுவே நடப்பதால்தான் பேசப்படுகிறது.

அந்தோணியார் பொங்கலும் சல்லிக்கட்டும்

கால்நடைகளின் பாதுகாவலராகக் கருதப்படும் புனித வனத்து அந்தோணியாரின் நாள் சனவரி 17. மாட்டுப் பொங்கல் முடிந்து ஓரிரு நாளில் இது வந்துவிடுகிறது. கொசவபட்டி போன்ற ஊர்களில் ஆலயத்தின் முன் பொங்கலிட்டு, கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகளை ஓட்டிவந்து மந்திரித்த நீர் தெளித்து வாங்கிச் செல்கின்றனர். மாடு யாருடையது, அவர் எந்தச் சமயத்தார் என்று எவரும் கேட்பதில்லை.

புகையிலைப்பட்டி, உலகம்பட்டி, கொசவபட்டி ஆகிய ஊர்களில் ஆலயத் திருவிழாவை ஒட்டிச் சல்லிக்கட்டு நடைபெறுகிறது. வெளியூரார் பலருக்கு இச்செய்தி வியப்பளிக்கும். அலங்காநல்லூரின் புகழால் சல்லிக்கட்டு பொங்கலுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் சிற்றூர்களில் அது அந்தந்தக் கோவிலின் விழாவோடு சேர்ந்தது. வழிபாடு முடிந்த பின்னரே வாடிவாசல் திறக்கும்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது, இவ்வூர்த் திருவிழாக்களின் ஒரு பகுதியும் நின்றுபோனது. விலங்கு வதை, மாடுபிடி வீரர்களும் பார்வையாளர்களும் இறப்பது ஆகியவை தடை கோரியவர்களின் வாதங்கள். அவை பொருட்படுத்தத்தக்க வாதங்களே. மறுபுறம், நாட்டுக் காளையை வளர்ப்பதற்கு உழவு போய்விட்ட காலத்தில் இவ்விழாவே காரணமாக எஞ்சியிருந்தது. 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு திருத்தச் சட்டம் இயற்றியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இப்போது அரசின் அனுமதி, காளைகளுக்கும் வீரர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை, இரட்டைத் தடுப்பு வேலி ஆகியவை கட்டாயம்.

மாசியும் சௌடேஸ்வரியும்

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ள கோட்டை மாரியம்மன் கோவிலின் மாசித் திருவிழா நகரின் பெருவிழா ஆகும். பூச்சொரிதலும் பூக்குழி இறங்குதலும் இதன் சிறப்புகள். பூவுக்குக் குறைவில்லாத ஊர் இது. நிலக்கோட்டை மல்லிகை அருகிலேயே விளைகிறது. சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைத் தொழிலோடு தொடர்புடைய தேவாங்கர்களின் குலதெய்வம் சௌடேஸ்வரி. அம்மனை அழைத்துவரும்போது இளைஞர்கள் மார்பில் கத்தி போட்டுக்கொள்வது அச்சமூகத்தின் மரபு.

சலகெருது ஓட்டம்

தெலுங்கு பேசும் இராசகம்பளத்தாரின் மாலைக்கோவில் விழா சல்லிக்கட்டிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. இங்கே மாட்டை யாரும் அடக்குவதில்லை. ஒவ்வொரு மந்தையிலும் தெய்வத்துக்கு விடப்பட்ட காளைகள் சலகெருது எனப்படும். அவற்றை உழவுக்குப் பூட்டுவதோ விற்பதோ இல்லை. தொலைவிலிருந்து மந்தைகளை ஓட்டிவர, கோவிலின் முன் விரித்த துணியை முதலில் தாண்டும் எருது வென்றதாகும். பரிசு எலுமிச்சம்பழம்தான், கூடவே மஞ்சள்பொடி தூவி வரவேற்பர். உறுமியும் தேவதுந்துபியும் முழங்க, கையில் துணியுடன் ஆண்கள் வரிசையாக ஆடும் தேவராட்டமும் உண்டு. இவ்வாட்டத்துக்குப் பாட்டுக் கிடையாது, தாளம் மட்டுமே.

சல்லிக்கட்டில் மோட்டார் சைக்கிளும் தங்கக் காசும் பரிசாகிவிட்ட காலத்தில் சலகெருதுக்கு இன்னும் எலுமிச்சம்பழமே தரப்படுகிறது. வருமானம் எதுவும் தராத இந்த எருதுகளை மந்தையாக வைத்துக் காக்க மேய்ச்சல் நிலம் வேண்டும். ஊர்ப் பொது நிலங்கள் சுருங்கிவரும் வறண்ட சமவெளியில், விழாவை நடத்துவதைக் காட்டிலும் அடுத்த விழாவரை எருதுக்குத் தீனி தேடுவதே மந்தைக்காரர்களுக்குக் கடினமாக உள்ளது.