புல்லுக்கட்டுக்குள் ஓர் ஊர்

பர் துபாயில் புதிதாகக் குடியேறிய எம்மவரிடையே அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. “சுற்றிவர மணலும் மாடிக் கட்டிடமும்தான். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வயல் இல்லை.” தோட்டம் செய்து வளர்ந்த சமூகத்துக்கு இந்தக் குறை நியாயமானதே. ஆனால் இந்த மண்ணிலும் வயல் உண்டு. அந்த வயலுக்குள் ஒரு ஊரே உண்டு.

அரபியர் ‘ஜத்’ என்றும் தமிழ்நாட்டில் ‘குதிரைமசால்’ என்றும் அழைக்கும் தீவனப் பயிரைத்தான் சொல்கிறோம். பயறு, அவரை இனத்தைச் சேர்ந்தது. ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நிற்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கோடையில் ஏறக்குறைய மாதம் ஒருமுறை வெட்டலாம்.

பாலைவனத்தின் நடுவே நீரும் நிழலும் ஒரே இடத்தில் கிடைத்தால் சிற்றுயிர்கள் சும்மா இருக்குமா? சாற்றை உறிஞ்ச அழுக்கணவன் வரும். தமிழ்நாட்டார் அசுவினி என்பது இதைத்தான். இலையைத் தின்னப் புழுக்கள் வரும். இவற்றைப் பிடித்துத் தின்னப் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் சிலந்தியும் வரும். பூத்த ஓரங்களுக்குத் தேனீக்கள் வரும். துபாயின் வர்சான் பகுதியில், சுத்திகரித்த கழிவுநீர் பாய்ச்சிய வயல்களைப் பறவை ஆர்வலர்கள் பல்லாண்டுகளாகத் தேடிச் சென்றதற்கும் இப்பூச்சிகள் ஒரு காரணம். கொக்கும் பஞ்சுருட்டானும் இரை தேடித்தானே இறங்கும்! இந்நாட்டுப் பூச்சியினங்களையும் அவற்றின் உறவினங்களையும் அன்ரோனியஸ் வான் ஹார்ட்டன் என்பவர் தொகுத்த நூல் வரிசையின் முதற் தொகுதி 2008இலும், ஆறாம் தொகுதி 2017இலும் வெளிவந்தன.

இந்தப் பயிர் உலகத்துக்கே ஒரு பாடம் படிப்பித்திருக்கிறது. 1954இல் புள்ளி அழுக்கணவன் என்னும் புதுப்பூச்சி அமெரிக்காவின் குதிரைமசால் வயல்களில் பரவியது. கமக்காரர் கடும் மருந்தை அடித்தார்கள். பொறிவண்டுகள் செத்தன. அழுக்கணவனோ மருந்துக்குப் பழகிக்கொண்டு முன்னிலும் பெருகியது. அப்போது மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் இருந்து சிறு குளவிகளைத் தருவித்து வயல்களில் விட்டார்கள். அவை அழுக்கணவனின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிப்பவை. 1959இல் வேர்னன் ஸ்ரேர்ன், றே ஸ்மித், றொபேட் வான் டென் பொஷ், கென்னத் ஹேகன் ஆகிய நால்வர், பூச்சியைக் கண்டவுடன் மருந்தடிக்காமல், சேதம் செலவை மிஞ்சும் அளவுக்கு வரும்போது மட்டும், நன்மை செய்யும் பூச்சிகள் தப்பும் வகையில் அடிக்கவேண்டும் என்று எழுதினார்கள். இன்று உலகெங்கும் பேசப்படும் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவத்துக்கு அது அத்திவாரமாயிற்று.

1960களில் இன்னொன்றும் தெரியவந்தது. வயல் முழுவதையும் ஒரே நாளில் வெட்டினால், அங்கு வாழ்ந்த உயிர்கள் ஒரே நேரத்தில் இடம்பெயர்ந்து அயல் பருத்தி வயல்களில் போய் இறங்குகின்றன. பட்டை பட்டையாக வெட்டி, ஒரு பட்டையை விட்டு வைத்தால் அவை அதற்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. பருத்தியும் தப்புகிறது, நல்ல பூச்சிகளும் தப்புகின்றன. ஒதுங்க ஓர் இடம் கிடைப்பதன் அருமையை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஊரில் மிளகாயிலும் வெங்காயத்திலும் பூச்சியைக் கண்டதும் மருந்துப் போத்தலைத் தூக்கிய பழக்கம் எம்மில் பலருக்கு உண்டு. அதைப் பல்கனித் தொட்டிக்கும் கொண்டுவர வேண்டாம். முதலில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அழுக்கணவன் இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். முதலைக் குட்டி போன்ற கறுத்தச் சிறு புழு ஊர்ந்தால் அதைக் கொல்லாதீர்கள். அது பொறிவண்டின் பிள்ளையாக இருக்கக்கூடும். எட்டுக் காலுள்ள சிலந்தி பூச்சியினம் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வயல் தூரத்தில் இருந்தாலும், வயலைப் பார்க்கும் கண்ணை வீட்டிலேயே பழக்கலாம்.