எந்தப் பிள்ளையைத் தூக்குவது?

ஒரு தாய். அவளுக்கு 4 பிள்ளைகள். கைக்குழந்தை முதுகில் தொங்குகிறது. அடுத்தது இடுப்பில் இருக்கிறது. மற்ற இரண்டும் அவள் துணியைப் பிடித்துக் கொண்டு நடக்கின்றன.

மேலே கொளுத்தும் வெயில். கீழே சுடுமணல். கையில் இருந்த தண்ணீர் தீர்ந்து விட்டது.

நடந்து வந்த பிள்ளைகளில் ஒன்று, "என்னால் முடியாது" என்று உட்கார்ந்து விட்டது. அதைத் தூக்க வேண்டும் என்றால், தூக்கி வருகிற ஒன்றை இறக்க வேண்டும்.

எதைத் தூக்குவது? எதை விடுவது?

இப்படி ஒரு கேள்வி எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. ஆனால் 2011-ம் ஆண்டில் சோமாலியா நாட்டுத் தாய்மார்கள் பலருக்கு வந்தது. செத்த பிள்ளையை வழியிலேயே புதைத்து விட்டு நடந்தார்கள். குழி தோண்டத் தெம்பு இல்லாதவர்களும் உண்டு. உயிர் இருக்கும்போதே மரத்தடியில் விட்டு விட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்த தாய்மார்களும் உண்டு. மற்ற பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டுமே!

சோளக் களஞ்சியத்தில் பஞ்சம்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியில், கடலை ஒட்டி இருக்கும் நாடு சோமாலியா. அங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக் காலம். 2010-ம் ஆண்டு கடைசியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. 2011-ல் சித்திரை, வைகாசியில் வர வேண்டிய மழையும் ஏமாற்றி விட்டது.

தெற்கே 'பே' என்று ஒரு வட்டாரம். சோமாலியாவின் சோளக் களஞ்சியம் அதுதான். ஊருக்கே சோளம் போட்ட அந்த வட்டாரத்தில் விவசாயிகள் பட்டினி கிடந்தார்கள். சோளத்தின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஆட்டை விற்றுச் சோளம் வாங்கலாம் என்றால், ஆடு எலும்பும் தோலுமாக நின்றது. அதை யார் வாங்குவார்கள்?

"இவ்வளவு கஷ்டம் வந்ததும் முன்பே கிளம்பி இருக்கக் கூடாதா?" என்று நாம் கேட்கலாம். உழவனைக் கேட்டுப் பாருங்கள். மாடு உயிரோடு நிற்கும்போது வீட்டைப் பூட்டிக் கொண்டு போக மனம் வருமா? அடுத்த மழை வரும், அடுத்த வாரம் வரும் என்று காத்திருந்தார்கள். கடைசி மாடும் விழுந்த பிறகுதான் கிளம்பினார்கள். அதற்குள் பிள்ளைகளுக்கு நடக்கிற சக்தி போய் விட்டது.

வாசலை அடைத்த துப்பாக்கி

மழை பொய்த்தால் பஞ்சம் வரலாம். ஆனால் பிணங்கள் விழுவதற்கு மழை மட்டும் காரணம் அல்ல.

1991-ல் சர்க்கார் கவிழ்ந்தது முதல் சோமாலியாவில் சண்டை ஓயவில்லை. 2011-ல் நாட்டின் தென்பகுதி பெரும்பாலும் அல் ஷபாப் என்ற ஆயுதக் கூட்டத்தின் பிடியில் இருந்தது. அவர்களுடைய மிரட்டல் தாங்காமல், 2010 தொடக்கத்திலேயே ஐ.நா. உணவுத் திட்டத்தார் தென்பகுதியில் வேலையை நிறுத்தி விட்டார்கள். அனுப்பும் பணமும் தானியமும் அந்தக் கூட்டத்தின் கைக்குப் போய் விடுமோ என்று அமெரிக்காவும் உதவியைக் குறைத்தது. இரண்டு பக்கமும் கதவு சாத்தப்பட்டது. நடுவில் மாட்டிக் கொண்டவர்கள் ஏழைக் குடியானவர்கள்.

மழை பொய்க்கும் என்று நிபுணர்கள் 2010-லேயே எச்சரித்தார்கள். பணம் வரவில்லை. 2011 ஜூலை 20-ந் தேதிதான் "இது பஞ்சம்" என்று ஐ.நா. அறிவித்தது.

பஞ்சம் என்று அறிவிக்கவும் கணக்கு இருக்கிறது. 100 குழந்தைகளில் 30-க்கு மேல் சத்துக் குறைவால் மெலிந்திருக்க வேண்டும். 10 ஆயிரம் பேருக்குத் தினம் 2 பேருக்கு மேல் சாக வேண்டும். அதாவது, பிணங்களை எண்ணிய பிறகுதான் பஞ்சம் என்ற பெயரே கிடைக்கும்! அறிவிப்பு வந்த பிறகு பணம் வந்தது. ஆனால் செத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்கு முன்பே போய் விட்டார்கள்.

ததாப் முகாம்

ஓடி வந்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம், பக்கத்து நாடான கென்யாவில் உள்ள ததாப். எல்லையிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டர். சிலர் இரண்டு, மூன்று வாரம் நடந்தே வந்தார்கள். வழியில் கொள்ளைக்காரர்கள் வேறு.

ததாப் முகாம்கள் 1991-92-ல் 90 ஆயிரம் பேருக்காக அமைத்தவை. 2011-ல் அங்கே 4 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஜூலை மாதம் தினமும் ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். முகாமுக்குள் இடம் இல்லை. குச்சிகளை வளைத்து நட்டு, மேலே கந்தல் துணியைப் போட்டு, வெளியே பொட்டல் காட்டில் தங்கினார்கள். பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய வீடுகள் ஆள் இல்லாமல் கிடந்தன! அவற்றைத் திறக்க கென்யா சர்க்கார் அனுமதி தராமல் இழுத்தடித்தது.

விறகு பொறுக்கப் போன பெண்களைப் புதரில் மறைந்திருந்த முரடர்கள் தாக்கினார்கள். கஞ்சி காய்ச்ச விறகு வேண்டுமே, போகாமல் இருக்க முடியுமா?

கையில் சுற்றும் நாடா

முகாமுக்கு வந்ததும் குழந்தையின் மேல் கையில் ஒரு காகித நாடாவைச் சுற்றுவார்கள். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் இருக்கும். கையின் சுற்றளவு பதினொன்றரை சென்டி மீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு. சிறிய டார்ச் லைட்டின் பிடியைச் சுற்றிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். 4 வயதுப் பிள்ளையின் கை அந்தப் பருமன் என்றால் எப்படி இருக்கும்!

சிவப்பு வந்த குழந்தைக்கு உடனே சோறு போட்டு விட முடியாது. இது பலருக்குத் தெரியாது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு, வயிறு நிறைந்த சாப்பாட்டைத் தாங்காது. உயிரே போய் விடலாம். நிலைமை மோசமான குழந்தைக்கு முதலில் நீர்த்த மருந்துப் பால் கொடுப்பார்கள். அதுவும் 2 மணி, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்கு மூக்கு வழியாகக் குழாய் விடுவார்கள். பிள்ளைக்குக் கஞ்சி கிடைக்கும் என்று வாரக் கணக்கில் நடந்து வந்த தாய், கரண்டிப் பாலோடு காத்திருக்க வேண்டும்.

பசி எடுக்கத் தொடங்கினால் நல்ல அறிகுறி. பிறகு நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய் சேர்த்து அரைத்த பசையைப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். சமைக்க வேண்டாம், தண்ணீரும் கலக்க வேண்டாம். இதனால் பிழைத்த குழந்தைகள் ஏராளம்.

எல்லாரும் பிழைக்கவில்லை. எத்தியோப்பியா நாட்டில் கோபே என்ற முகாம் 2011 ஜூனில் திறந்தது. அங்கே தினம் சராசரி 10 குழந்தைகள் இறந்ததாக ஐ.நா. அகதிகள் அமைப்பு ஆகஸ்டில் சொன்னது. தட்டம்மையும் பரவியது. மெலிந்த குழந்தைக்கு அம்மை வந்தால் தாங்குமா?

2 லட்சத்து 58 ஆயிரம்

2012 பிப்ரவரி 3-ந் தேதி பஞ்சம் முடிந்தது என்று அறிவித்தார்கள். சோமாலியாவில் மொத்தம் சுமார் 2 லட்சத்து 58 ஆயிரம் பேர் செத்ததாக 2013-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் 1 லட்சத்து 33 ஆயிரம் பேர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். நாட்டின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் அந்த வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்று போய் விட்டது.

பிறகு மழை பெய்தது. முகாமிலிருந்து பலர் ஊர் திரும்பினார்கள். ஆடு வாங்கினார்கள். சோளம் விதைத்தார்கள்.

2020 கடைசியிலிருந்து மறுபடி மழை பொய்த்தது. இந்தத் தடவை தொடர்ந்து 5 பருவம். 2022-ல் மட்டும் சுமார் 43 ஆயிரம் பேர் இதனால் செத்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பாதிப் பேர் குழந்தைகள். மறுபடி ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ததாப்புக்கு வந்தார்கள். அவர்களில் சிலருக்கு வழி தெரிந்திருந்தது. முன்பு அதே முகாமில் இருந்து விட்டு ஊர் திரும்பியவர்கள் அவர்கள்.