ரயில் ஏறுவதற்கு முன்: அலோர் காஜாவிலிருந்து தலைநகரில் வேலை தேடுவோருக்குச் சட்டம் தரும் காப்பு

மலாக்கா மாநிலத்தின் மூன்று மாவட்டங்களுள் வடக்கே அமைந்த அலோர் காஜா, ரப்பர்த் தோட்டங்களாலும் பின்னாளில் அவற்றின் இடத்தைப் பிடித்த செம்பனையாலும் தமிழர்கள் வேரூன்றிய பகுதியாகும். காடேக், ரெம்பியா, தெபோங், மாச்சாப் முதலிய இடங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டிப்ளோமாவும் பட்டமும் பெற்று வேலை தேடுகின்றனர். பெகோ போன்ற தொழிற்பேட்டைகளில் ஆலை வேலை கிடைக்கிறது எனினும், கணக்கியலோ கணினியோ ஹோட்டல் நிர்வாகமோ படித்தவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரையும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கையுமே நோக்க வேண்டியுள்ளது. வரைபடத்தில் இத்தொலைவு பெரிதாகத் தோன்றாது. புலாவ் செபாங் நிலையத்தில் தொடங்கும் கொம்யூட்டர் தடம் சிரம்பான் வழியாகத் தலைநகரைக் கடந்து பத்துமலை வரை நீள்கிறது. எனினும், சம்பளம் என ஒரு வெள்ளியும் கைக்கு வருவதற்கு முன்பே பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் செலவிட வேண்டியிருப்பதும், முகம் பார்த்திராத முதலாளியையும் ஏஜெண்டையும் சொல்லை மட்டுமே கொண்டு நம்ப வேண்டியிருப்பதும் தொலைவிலிருந்து வேலை தேடுவோருக்கே உரிய சுமைகளாகும். மலேசியத் தொழிலாளர் சட்டங்கள் வேலையில் சேர்ந்தவருக்குக் கணிசமான காப்பைத் தருகின்றன. வேலை தேடும் நிலையில் இருப்பவருக்கோ அக்காப்பு மிக மெல்லியது. ஆகவே வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ளும் சான்றுகளே பிற்பாடு உரிமை கோருவதற்கான அடித்தளமாகின்றன.

இச்சிக்கல் தோட்டத் தமிழர்களுக்குப் புதியதன்று. மலாயாவுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையில், கங்காணி எனப்பட்டவர் தோட்டத் தொழிலாளருள் ஒருவராக இருந்து, உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்கே திரும்பிச் சென்று, உறவினரையும் ஊராரையும் வேலைக்கு அழைத்து வந்தவராவார். பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டதால், வேலைக்கு வந்த முதல் நாளே அவர் கடன்காரராகவே தீம்பாருக்குள் நுழைந்தார். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, முதலாளிகளிடம் வசூலித்த தொகையிலிருந்து கப்பற்செலவு ஏற்கப்பட்ட பிறகே அச்சுமை தொழிலாளியின் தோளிலிருந்து பெருமளவு இறங்கியது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. ஆளைத் தேடுவதற்கான செலவு ஆள் தேவைப்படுபவரையே சார வேண்டும் என்ற கொள்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் உடன்படிக்கையிலும் வலியுறுத்தியுள்ளது. கங்காணியின் இடத்தில் இன்று கைப்பேசிச் செய்தி வந்திருக்கலாம். அவரைப் போலவே ஊர்க்காரராகவும் தெரிந்தவராகவும் பேசுவோரிடம் முன்பணம் கேட்கும் வழக்கம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

வேலை தேடித் தருவதைத் தொழிலாகக் கொண்ட எவரும் 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருத்தல் கட்டாயமாகும். 2018 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி இவ்வுரிமம் மூன்று வகைப்படும்: ‘ஏ’ வகை உள்நாட்டு வேலைக்கு மட்டும் ஆள் சேர்ப்பதற்கும், ‘பி’ வகை உள்நாட்டோடு வெளிநாட்டு வேலைக்கும், ‘சி’ வகை இவற்றோடு வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதற்கும் உரியவை. உரிமமின்றி இத்தொழிலை நடத்துபவருக்கு 2,00,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமம் பெற்ற முகவரும் சட்டத்தின் அட்டவணை அனுமதிக்கும் அளவுக்கு மேல் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கலாகாது. ஆகவே முகவரின் பெயரையும் உரிம எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அதை ஆள்பல இலாகாவிடம், அதாவது மலாயில் ஜபாத்தான் தெனாகா கெர்ஜா எனப்படும் துறையிடம், உறுதிப்படுத்திக்கொள்வது வேலை தேடுபவரின் முதற்கடமையாகும். பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைக் கட்டணம் என்று பெயர் மாற்றி மாற்றித் தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வது, பெரும்பாலும் அங்கே வேலையே இல்லை என்பதற்கான அறிகுறியாகும். இதற்கு மாறாக, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் மை ஃபியூச்சர் ஜோப்ஸ் என்னும் தேசிய வேலைவாய்ப்புத் தளத்தில் பதிவு செய்வதற்கு வேலை தேடுபவர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை; தோட்டத்து வீட்டிலிருந்தே அதில் விண்ணப்பிக்க முடியும் என்பது தொலைவில் இருப்போருக்குப் பெரும் வசதியாகும்.

பணத்தை இழப்பதைக் காட்டிலும் கொடிய இழப்பு ஒன்று உண்டு. சம்பளம் போடுவதற்கென்று கூறி வங்கி அட்டையையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்ளும் கும்பல்கள், அக்கணக்கை மோசடிப் பணம் கடந்து செல்லும் வழியாகப் பயன்படுத்துகின்றன. இவ்வாறு பிறர் பணத்தைச் சுமக்கும் கணக்கைக் கழுதைக் கணக்கு என்று பொதுமக்கள் அழைக்கின்றனர். 2024இல் தண்டனைச் சட்டத்தொகுப்பில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகள், தன் கணக்கைப் பிறர் கட்டுப்பாட்டில் விடுவதையும் குற்றமாக்கியுள்ளன. ஆகவே வேலை தேடி ஏமாந்த இளைஞரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடலாம். உண்மையான முதலாளிக்குச் சம்பளம் போட வங்கிக் கணக்கின் எண் போதும். அட்டையும் இரகசிய எண்ணும் அவருக்கு எக்காலத்திலும் தேவைப்படா. அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது, அதன் குறுக்கே எந்த நிறுவனத்துக்கு, எந்த நோக்கத்துக்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கோடிட்டுத் தருவது நல்லது. அசல் ஐசியைப் ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று எவரேனும் வாங்கி வைத்துக்கொண்டால், பிறருடைய அடையாள அட்டையைச் சட்டப்பூர்வமான காரணமின்றி வைத்திருப்பது 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிகளின் கீழ் குற்றம் என்பதை நினைவூட்டலாம்.

கோலாலம்பூரில் வேலை என்று தொடங்கிய பேச்சு, நேர்காணல் முடிந்ததும் கம்போடியாவுக்கோ மியன்மாருக்கோ லாவோசுக்கோ மாறினால், அத்துடன் தொடர்பை அறுத்துவிடுவதே அறிவுடைமை. வாடிக்கையாளர் சேவை வேலை, உயர்ந்த சம்பளம், இலவச விமான டிக்கெட் என்று அழைத்துச் செல்லப்பட்ட மலேசிய இளைஞர்கள் அந்நாடுகளின் மோசடி வளாகங்களில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்ட செய்திகள் 2022 முதல் தொடர்ந்து வெளிவந்தன. ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காக அழைத்துச் செல்வது 2007ஆம் ஆண்டின் ஆள் கடத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் கடுங்குற்றமாகும். இவ்வாறு சிக்கியவரின் குடும்பத்தார் வெட்கத்தாலோ அச்சத்தாலோ மௌனம் காக்காமல் போலீசிலும் வெளியுறவு அமைச்சிலும் உடனே புகார் தர வேண்டும். உள்நாட்டில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி மறுமொழி மையத்தை 997 என்ற எண்ணில் அழைத்துவிட்டு, அடுத்ததாகப் போலீஸ் புகார் செய்ய வேண்டும். பணம் கணக்குக்குக் கணக்கு தாவுவதற்குள் அதை முடக்குவதே நோக்கம் என்பதால், குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக் கழிக்கும் ஓர் இரவே மீட்கும் வாய்ப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

நேர்காணலைப் பொறுத்தவரை, முதற்சுற்றைக் காணொளி வழியாக நடத்துமாறு கேட்பதில் குறைவேதும் இல்லை. விண்ணப்பத்தில் அலோர் காஜா முகவரியைக் கண்டவுடன் ஒதுக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு என்பதால், கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் முகவரியை எழுதிவிடும் வழக்கம் பரவியுள்ளது. அதைவிட, வேலை உறுதியான எத்தனை நாளில் இடம்பெயர முடியும் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுவது நேர்மையானதும் பயனுள்ளதுமாகும். நேர்காணலுக்கு அலுவலகமல்லாத இடத்துக்கு, குறிப்பாக ஹோட்டல் அறைக்கு, இளம்பெண்களை அழைப்பது மறுக்கப்பட வேண்டியது. 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச்சு முதல் புகார்களை ஏற்கிறது. வேலையில் சேர்ந்திராதவரும் அதை நாடலாம் என்பதையும், 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு என்பதையும் பலர் அறியார்.

இனத்தையோ தேவையற்ற மொழித் தகுதியையோ காட்டி மறுக்கப்படுவதுதான் சட்டம் பெரிதும் கைவிட்ட இடமாகும். கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி சமயம், இனம், பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது எனினும், அது அரசாங்கத்தையும் பொது அதிகார அமைப்புகளையுமே கட்டுப்படுத்தும் என்றும் தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் 2005ஆம் ஆண்டின் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் நீதிமன்றம் கருதியது. 2023 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள வேலைச் சட்டத் திருத்தம் 69எஃப் பிரிவின் வழியாகப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் தலைமை இயக்குநருக்கு வழங்கியது. ஆயினும் அப்பிரிவு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராற்றைப் பற்றியே பேசுவதால், வேலைக்குச் சேரும் முன்னரே வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் அதற்குள் அடங்கமாட்டார். இந்த வெற்றிடத்தை நிரப்பாத வரை, தோட்டத்துப் பிள்ளை செலவழித்துச் சென்று, கேட்கப்படாமலேயே திரும்பும் அவலத்துக்கு முடிவிராது.

வேலை உறுதி என்று தொலைபேசியில் சொன்னதும் இருக்கும் வேலையை விட்டுவிடுவது பெரும் தவறாகும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிக்கப்படாவிடில், இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர் நான்கு வார முன்னறிவிப்பும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் ஆறு வாரமும், அதற்கு மேல் எட்டு வாரமும் தர வேண்டும். தராமல் விலகுபவர் அதற்கு ஈடான சம்பளத்தைச் செலுத்த நேரிடும். ஆகவே பதவி, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், பணியிடம், சேரும் தேதி ஆகியவை எழுதப்பட்டுக் கையொப்பமிட்ட நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கடிதம் எழுதப்பட வேண்டும். ஒரு மாதத்தைத் தாண்டும் வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. ‘நீங்கள் சுயதொழில் செய்பவர், ஊழியர் அல்லர்’ என்று சொல்லிச் சலுகைகளை மறுக்கும் முதலாளிகளுக்கு எதிராக, வேலை செய்யும் முறையும் நேரமும் பிறரது கட்டுப்பாட்டில் இருந்தால் அவரைத் தொழிலாளியாகவே கருதலாம் என்ற அனுமானத்தை 101சி பிரிவு புதிதாக ஏற்படுத்தியுள்ளது.

தங்குமிடச் செலவு பலருடைய முயற்சியைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. வாடகை வீடுகளுக்கு இரண்டு மாத முன்வைப்பும் ஒரு மாத முன்வாடகையும் கேட்பது வழக்கம் என்பதோடு, இந்தியருக்குத் தருவதில்லை என்று விளம்பரத்திலேயே எழுதும் இழிவும் தலைநகரில் நடப்பதே. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச்சட்டம் ஏதும் இன்னும் நடைமுறைக்கு வராததால் வாடகைதாரர் எழுத்து ஒப்பந்தத்தையே நம்ப வேண்டியுள்ளது. அறையை நேரில் பார்க்காமல் படத்தை மட்டும் கண்டு பணம் அனுப்பக்கூடாது. திருப்பித் தரப்படாத முன்பணம் 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டதாயின், வழக்கறிஞர் இன்றியே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கிடலாம். நிறுவனமே விடுதி தருவதாகச் சொன்னால், அவ்விடத்துக்கு ஆள்பல இலாகா வழங்கும் தங்குமிடச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்; 2020 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள விதி அது.

வேலையில் சேர்ந்தபின், 2025 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளத்துக்குக் குறையாமல் தரப்படுகிறதா என்பதை முதல் சம்பளச் சீட்டிலேயே பார்க்க வேண்டும். ஐந்துக்கும் குறைவான ஊழியரைக் கொண்ட முதலாளிகளுக்கு இவ்விதி 2025 ஆகஸ்டு முதல் பொருந்தியது. சம்பள காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும். சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்கள் தவிர வேறெதையும் கழிக்கலாகாது, அனுமதிக்கப்பட்டவையும் பொதுவாக மாதச் சம்பளத்தில் பாதியை மிஞ்சக்கூடாது. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய பங்கு, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவருக்கு 13 விழுக்காடாகும். சம்பளச் சீட்டில் எழுதியிருப்பது மட்டும் போதாது. சேமநிதி வாரியத்தின் இணையக் கணக்கில் அத்தொகை உண்மையில் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் சரிபார்ப்பதே சரி. தராத சம்பளத்துக்காக ஆள்பல இலாகாவில் புகார் செய்தால், தொழிலாளர் நீதிமன்றம் எனப்படும் அவ்விலாகாவின் விசாரணையில் வழக்கறிஞர் இல்லாமலேயே கோரிக்கையை எடுத்துரைக்கலாம். 2021இல் தொடங்கப்பட்ட ‘வொர்க்கிங் ஃபோர் வொர்க்கர்ஸ்’ செயலி வழியாகவும் புகார் அனுப்பலாம். ஏமாற்றியோ மிரட்டியோ வேலை வாங்கி, பணியிடத்தை விட்டு வெளியேற விடாமல் தடுப்பது வேலைச் சட்டத்தின் 90பி பிரிவின்படி கட்டாய உழைப்பு என்னும் குற்றமாகி, 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ பெறத்தக்கது.

காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர், 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையீடு செய்ய வேண்டும். சமரசம் கூடவில்லை எனில் அது தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். தலைநகரில் வாடகை கொடுக்க இயலாமல் அலோர் காஜாவுக்குத் திரும்பிவிடும் இளைஞர், நிறுவனத்தின் உள்முறையீட்டுக்குப் பதில் வரட்டும் என்றோ மேலாளர் மீண்டும் அழைப்பார் என்றோ தோட்டத்து வீட்டில் காத்திருக்கும் நாள்களும் அந்த 60 நாள்களுக்குள்ளேயே கணக்கிடப்படுகின்றன.