நாடக மேடைச் சொற்கள் சில

நம் கல்லூரியில் நாடகம் ஆடப் புகும் மாணவர், வசனங்களை நெட்டுருச் செய்வதிற் காட்டும் ஊக்கத்தை மேடைச் சொற்களை அறிவதிற் காட்டுவதில்லை. அதன் பயனை யாம் ஒரு முறை நுகர்ந்தோம். ஒத்திகையில், "அனைவரும் வலப்புறம் செல்க" என்று ஆணை பிறந்தது. அரசர் ஒருபுறமும் அமைச்சர் மறுபுறமும் ஏகினர். சிரச்சேதத்திற்குரிய கைதி காவலரின்றி நடுவே நின்றான்!

அவையோரை நோக்கி நிற்கும் நடிகனது வலக்கைப் பக்கமே மேடையின் வலம். காண்போருக்கு அஃது இடமாகத் தோன்றும். எம்மவர் இருவருள் ஒருவர் இதனை அறிந்திருந்தார். அவர் அரசர் அல்லர்.

நிற்க. திரையைக் குறிக்க எழினி என்னும் அழகிய சொல் நம் மொழியில் உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மூவகை எழினி கூறும். ஒருபக்கத்தினின்று இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபக்கத்தினின்றும் வந்து நடுவே பொருந்துவது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி என்பர். அரங்கின் அளவும் ஆங்கே உளது. 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. தூணின் நிழல் இடையூறு செய்யாவண்ணம் விளக்கு வைத்தல் வேண்டும் என்பதையும் அக்காதை மறந்திலது. நம் விடுதி மேடையில் கதாநாயகியின் முகத்திற் பாதி எப்போதும் இருளில் இருப்பதைக் கண்டோர் இதன் அருமையை உணர்வர்.

நாடகத்தின் பெரும்பிரிவு அங்கம். அதன் உட்பிரிவு களம். 1891-இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையவர்களின் மனோன்மணீயம் 5 அங்கங்களும் 20 களங்களும் உடையது. களத்தைக் காட்சி என்றலும் வழக்கே.

வடமொழி நாடகங்களில் வரும் இரு சொற்களை வேறுபடுத்தி அறிதல் நன்று. பாத்திரம் தனக்குள் பேசிக்கொள்வது சுவகதம். பிறர் உடனிருக்க, ஒருவரிடம் மட்டும் மறைவாய்ப் பேசுவது ஜனாந்திகம். அப்போது விரல்களை ஒருவகையாய் உயர்த்தி மற்றவரை மறைப்பது மரபு. இரண்டிலும் அவையோர் கேட்க வேண்டும் என்பதே நடிகனுக்கு உள்ள சங்கடம். உண்மையாகவே முணுமுணுத்த நண்பர்களை யாம் அறிவோம்.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்பன நாடகக் கம்பெனியார் வழங்கிய வேடப் பெயர்கள். கலப்புச் சொற்களென இவற்றை இகழ்வார் உளர். யாம் இகழோம், விடியுமளவும் நின்று பாடிய நடிகர் வாயிற் பயின்றவை அவை.

அடுத்த ஒத்திகைக்கென வலப்பக்கத் தூணிற் சுண்ணாம்பால் 'வலம்' என எழுதி வைத்துள்ளோம்.